லோரியான் போய் வந்தேன்: அந்த ஊரைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதே இல்லையே, ஏன்?

புல்வார் பையன் | குருசுக்குப்பம், புதுச்சேரி

பிரான்ஸ் என்றால் நம் ஊரில் பேச்சு பாரீசு, மர்செய், துலூஸ் என்று மூன்று ஊரோடு முடிந்துவிடும். லோரியான் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பெரியப்பா மகன் அங்கே வேலைக்குப் போகும் வரை நானும் கேட்டதில்லை. அண்ணன் அங்கே கப்பல் கட்டும் தளத்தில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் வெல்டராக இருக்கிறார். போன ஆகஸ்டில் இரண்டு வாரம் அவர் வீட்டில் தங்கிவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன், நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். "லோரியான்" என்றால் பிரெஞ்சில் கிழக்கு, கீழ்த்திசை. பிரான்சின் மேற்குக் கோடியில், பிரெத்தாஞ் கரையில், அட்லாண்டிக்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஊருக்குக் கிழக்கு என்று பெயர்! காரணம் நாம்தான். 1664இல் பதினான்காம் லூயி ராஜாவின் மந்திரி கொல்பேர் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை ஆரம்பிக்கிறார், 1666இல் அந்தக் கம்பெனிக்கு இந்த ஆற்றோரப் பொட்டல் நிலம் கிடைக்கிறது. அங்கே கட்டிய முதல் பெரிய கப்பல், சுமார் 1,000 டன், பெயர் "சொலேய் தோரியான்", கீழ்த்திசைச் சூரியன். வேலைக்காரர்கள் வாயில் அது "லோரியான்" என்று சுருங்கி, கப்பல் போன பிறகும் இடத்துக்கு அதுவே பெயராக நின்றுவிட்டது. (அந்தக் கப்பல் 1681இல் சியாம் ராஜா அனுப்பிய தூதர்களையும் பரிசுகளையும் ஏற்றிக்கொண்டு வரும்போது மடகாஸ்கர் பக்கம் காணாமல் போனது, அது தனிக் கதை.)

அதாவது 1666க்கு முன்னால் அங்கே ஊரே கிடையாது. அங்கே கட்டிய கப்பல்கள் இங்கே வந்து துணியும் மிளகும் ஏற்றிக்கொண்டு போயின, அந்த வரும்படியில் ஊர் எழுந்தது. அந்தக் கம்பெனிக்காக இங்கே ஊரை நிறுவிய பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரிக்கு வந்தது 1674. எட்டு வருஷம்தான் வித்தியாசம். ஒரே கம்பெனியின் இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இடம். ஸ்கோர்ஃப் என்று ஓர் ஆறு, பிளாவே என்று ஓர் ஆறு, இரண்டும் கூடிக் கடலுக்குப் போகிற இடத்தில் ஊர். கடலூர்க்காரர்கள் கவனிக்கவும், அதுவும் ஒரு கூடலூர்தான்! ஆனால் எவ்வளவு வித்தியாசம் என்று அந்தக் கரையில் நின்றால்தான் தெரியும். முகத்துவாரம் குறுகல், உள்ளே போனால் ஏரி மாதிரி விரிந்த தண்ணீர். வாசலில் போர் லூயி கோட்டை, ஸ்பானியர்கள் 1590களில் ஆரம்பித்து வைத்தது. வெளியே கடலில் குருவா என்று ஒரு தீவு, பெரிய அலை நேரே வந்து அடிக்காமல் குறுக்கே படுத்திருக்கிறது. போர்க்கப்பல் ஊர் நடுவில், ஆற்றில், வீட்டு வாசலில் மாட்டைக் கட்டினது போலக் கட்டிக் கிடக்கிறது. நம் காந்தி சிலைக்கு முன்னால் நின்று பாருங்கள், நேரே வங்காள விரிகுடா, நடுவில் ஒரு மறைவும் இல்லை.

என் கேள்வி இதுதான். கம்பெனி ஒன்று, காலம் ஒன்று, அந்த ஊர் மட்டும் எப்படிக் கடற்படை நகரமாக வளர்ந்து நின்றது, நாம் எப்படி ஓட்டலும் உலாவும் சாலையுமாக நின்றோம்?

வில்நுவார் விசு | புதுச்சேரி

வெள்ளைக்காரன் மதுக்கடையைக் கட்டிவிட்டுப் போனான், துறைமுகத்தைக் கட்டவில்லை. பதில் முடிந்தது. 😀

கேப்பர்மலை | கடலூர் புதுநகர்

தம்பி, பதிவு நன்றாக இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் வரலாறு எடுத்தவன், கொஞ்சம் நீட்டி முழக்குவேன், வழக்கம்போல மன்னித்துவிடுங்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. கட்டினதா கட்டவில்லையா என்பது பிறகு. கட்டுவதற்கு இடம் இருந்ததா என்று பாருங்கள். பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் இந்தக் கரையில் ஒரு கடற்படை ஒதுங்கி நிற்க இயற்கையான இடம் ஒன்றுகூடக் கிடையாது. சென்னை, புதுச்சேரி, கடலூர், எங்கே வந்தாலும் கப்பல் வெட்டவெளிக் கடலில் நங்கூரம் போட்டுத்தான் நிற்க வேண்டும். அக்டோபர் வந்ததும் ஓட வேண்டும். ஓடாதவன் கதி என்ன? 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கப்பல்படைத் தலைவர் லா பூர்தொனே சென்னையைப் பிடித்தார், சரி. அக்டோபர் நடுவில் ஒரே ராத்திரிப் புயலில் அவருடைய கப்பல்களில் பல மூழ்கின, பல பாய்மரம் முறிந்து நின்றன. ஆங்கிலேயர் தோற்கடிக்காததை வாடைக்காத்து தோற்கடித்தது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அதே செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரத்தில் ஆங்கிலேயப் படை உங்கள் லோரியானை முற்றுகை போட்டிருந்தது. கம்பெனியின் கிடங்கைக் கொளுத்தத்தான் வந்தார்கள். ஊருக்குள் இருந்தவர்கள் சரணடைய முடிவு செய்துவிட்டார்கள், வெளியே வந்து பார்த்தால் எதிரியைக் காணோம், அவர்களும் மனம் தளர்ந்து கப்பல் ஏறிவிட்டார்கள். இங்கே பிரெஞ்சுக்காரன் ஆங்கிலேயன் ஊரைப் பிடித்திருக்கிறான், அங்கே ஆங்கிலேயன் பிரெஞ்சுக்காரன் ஊரைப் பிடிக்கப் பார்க்கிறான், ஒருத்தர் செய்தி அடுத்தவருக்குப் போய்ச் சேர ஆறு மாதம்.

எங்கள் ஊருக்கு வருகிறேன். தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி 1690இல் மராட்டியரிடம் வாங்கியது. எல்லை எப்படி முடிவானது? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டார்கள், குண்டு போய் விழுந்த இடம் வரை அவர்களுடையது. அந்தக் கிராமங்களைக் குண்டு கிராமங்கள் என்றே சொல்வார்கள். சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது 1746 முதல் 1752 வரை தென்னிந்தியாவில் அவர்களுக்குத் தலைமையிடம் இந்தக் கோட்டைதான், 1756இல் கிளைவ் இதற்கு கவர்னராக வந்தார். 1758 ஏப்ரல் 29 அன்று கடலூருக்கு எதிரே கடலில் ஆங்கிலேயத் தளபதி போகாக்கும் பிரெஞ்சுத் தளபதி தாஷேயும் மோதினார்கள், ஜூன் 2 அன்று பிரெஞ்சுப் படைத் தலைவர் லாலி கோட்டையைப் பிடித்து இடித்தார். இன்றைக்குப் போய்ப் பார்த்தால் ஆற்றோரத்தில் செங்கல் மிச்சம்தான். 1783 ஜூன் 20 அன்று மறுபடி எங்கள் கடலில் சண்டை: பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனிடம் 15 கப்பல், ஆங்கிலேயத் தளபதி ஹியூஸிடம் 18. சுஃப்ரேன் ஜெயித்தார், ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். ஜூன் மாதக் கடைசியில் செய்தி வருகிறது, ஐரோப்பாவில் சண்டை முடிந்து மாசக்கணக்கு ஆகிவிட்டது என்று!

அந்த சுஃப்ரேன் பெயரில் உங்கள் ஊரில் ஒரு வீதி இருக்கிறதே, அவர் தலைவலி முழுவதும் துறைமுகம்தான். கப்பலில் ஓட்டை விழுந்தால் அடைக்க இடமில்லை, பாய்மரம் முறிந்தால் மரமில்லை. 1782 ஆகஸ்டு கடைசியில் திருகோணமலையைப் பிடித்த பிறகுதான் இந்தப் பக்கத்தில் மூச்சு விட்டார். மழைக்காலத்துக்கு சுமத்ராவின் அச்சே வரை போய் ஒதுங்கினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டினத்துப் பிள்ளை | தேவனாம்பட்டினம்

சார் சொன்னது ராஜாக்கள் கதை. நான் கடலுக்குப் போகிற வீட்டுப் பையன், தண்ணீர் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கடலூரில் கெடிலம், உப்பனாறு, பரவனாறு, கொஞ்சம் வடக்கே தென்பெண்ணை என்று ஆறு நிறையவே இருக்கிறது. ஆனால் நம் முகத்துவாரம் வருஷம் முழுக்கத் திறந்து கிடக்காது. காரணம் மணல். தெற்குக் காத்து அடிக்கிற எட்டு ஒன்பது மாதமும் கரையோர மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். வாடை அடிக்கிற மழைக்காலத்தில் கொஞ்சம் திரும்பி வரும். ஆற்றில் வெள்ளம் வந்தால் வாயை உடைத்துத் திறக்கும், கோடையில் தண்ணீர் குறைந்ததும் மணல் வந்து மூடும். முகத்துவாரத்தில் படகு தட்டிக் கவிழ்ந்து உயிர் போவது இன்றைக்கும் நடக்கிறது. நீங்கள் சொல்கிற ஊரில் ஏற்ற வற்றம் எவ்வளவு என்று பார்த்தீர்களா? நம் கரையில் ஒரு மீட்டர்கூடத் தேறாது. அங்கே தண்ணீர் ஏறி இறங்குவதே வாயைக் கழுவி விட்டுவிடும் என்று நினைக்கிறேன், கரையும் பாறையாக இருக்கும்.

அப்புறம் அலை. நம் கரையில் அலை ஒன்றன் பின் ஒன்றாக வரிசை கட்டி உடையும். வெள்ளைக்காரன் கொண்டு வந்த ஆணி அடித்த படகு அதில் ஒரு நாள் தாங்காது, தரை தட்டியதும் பலகை பிளந்துவிடும். அதனால்தான் ஆணியே இல்லாமல் பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு. தட்டினால் வளைந்து கொடுக்கும். சலங்கு என்போம், மசுலா என்றும் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர்கள் சலங்கைத்தான் "ஷெலேங்" என்று தங்கள் கணக்கில் எழுதினார்கள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் ஒவ்வொரு பேலும், ஒவ்வொரு பெட்டி வெள்ளியும், கவர்னர் துரையும் துரைசாணியும் எங்கள் ஆட்கள் ஓட்டின படகில்தான் போனார்கள். இந்தப் பகுதியை ஏனோ எந்த வரலாற்று வாத்தியாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். (சார், உங்களைச் சொல்லவில்லை!)

கேப்பர்மலை

என்னைத்தான் சொல்கிறாய், சரி, ஒப்புக்கொள்கிறேன்.

புல்வார் பையன்

பட்டினத்து அண்ணே, அப்படியே! அங்கே அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் தண்ணீர் நாலைந்து மீட்டர் ஏறி இறங்குகிறது. காலையில் மிதந்த படகு மத்தியானம் சேற்றில் சாய்ந்து கிடக்கும், சாயங்காலம் எழுந்து நிற்கும். முதல் நாள் பார்த்துவிட்டுக் கடல் உள்வாங்குகிறது, சுனாமி என்று அலறிவிட்டேன். 2004ஐப் பார்த்தவனுக்கு வேறு என்ன தோன்றும். அண்ணி இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

உப்பளத்து ராணி | புதுச்சேரி

போர் லூயி மொரீசியசில்தானே இருக்கிறது? என் சித்தி அங்கே போய் வந்தார்.

புல்வார் பையன்

அது வேறு அக்கா. மொரீசியஸ் தலைநகரமும் போர் லூயி, லோரியான் வாசல் கோட்டை ஊரும் போர் லூயி. எந்த லூயி ராஜா இருக்கிறாரோ அவர் பெயரை ஊருக்கு வைத்துக்கொண்டே போனார்கள். லோரியான் பக்கத்துக் கோட்டைக்குள் இப்போது கிழக்கிந்தியக் கம்பெனி அருங்காட்சியகம் இருக்கிறது. லோரியானிலிருந்து பஸ் மாதிரி ஓடுகிற படகில் குறுக்கே போய்விடலாம்.

மொரீசியஸ் பேச்சு வந்ததும் நல்லது. லோரியானிலிருந்து கிளம்பி, ஆப்பிரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றி, மொரீசியசில் இளைப்பாறி, அப்புறம்தான் இங்கே வருவார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும், கப்பல் வந்ததா, எத்தனை மரியாதைக் குண்டு போட்டார்கள் என்று கணக்கு எழுதுவார். மனுஷருக்கே "ஆனந்தப்புரவி" என்று சொந்தக் கப்பல் இருந்தது.

சொல்தா பேரன் | லாஸ்பேட்டை

தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர், அதனால் வீட்டில் பேச்சு முழுக்கப் போர்தான். லோரியான் பற்றி அவர் சொன்ன ஒரே விஷயம்: "அந்த ஊரில் பழைய வீடு தேடாதே." நீங்கள் பழைய கட்டடம் ஏதாவது பார்த்தீர்களா தம்பி? இருக்க வாய்ப்புக் குறைவு.

1940 ஜூனில் ஜெர்மானியர் ஊரைப் பிடித்தார்கள். அடுத்த வருஷம் கெரோமான் என்ற இடத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குக் காங்கிரீட் கோட்டை கட்ட ஆரம்பித்தார்கள். மூன்று பெரிய கட்டடம், கடைசியாகக் கட்டியதன் கூரை மட்டும் 7 மீட்டருக்கு மேல் கனம். அட்லாண்டிக்கில் கப்பல்களை வேட்டையாடிய நீர்மூழ்கிகளின் தலைவர் டேனிட்ஸ் பக்கத்தில் கெர்னெவெல் என்ற இடத்தில் வீடு எடுத்து உட்கார்ந்தார். நேசநாடுகள் குண்டு போட்டுப் பார்த்தன, கூரை அசையவில்லை. கூரையை உடைக்க முடியாது என்று ஆனதும் சுற்றி இருக்கிற ஊரையே எரித்தார்கள், வேலையாள், மின்சாரம், ரயில் எதுவும் கிடைக்கக் கூடாது என்று. 1943 ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதத்தில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு ஊர் போய்விட்டது. காங்கிரீட் மட்டும் அப்படியே நிற்கிறது. பாரீசு விடுதலையான பிறகும் இந்த ஊர் மட்டும் ஜெர்மானியர் கையில் சிக்கிக் கிடந்தது, பெர்லினே சரணடைந்த பிறகு 1945 மே 10 அன்றுதான் விட்டார்கள்.

ஸ்தோஸ்கோஃப் என்று ஒருவர், கப்பல் தளத்தில் பிரெஞ்சுப் பொறியாளர், அல்சாஸ்காரர், ஜெர்மன் சரளமாகப் பேசுவார். ஜெர்மானியரோடு ஒட்டி உறவாடினார், சொந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் காறித் துப்பினார்கள். எந்த நீர்மூழ்கி எப்போது வந்தது, எப்போது போனது என்று அத்தனையும் அவர் நேசநாடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார் என்பது யாருக்கும் தெரியாது. பிடிபட்டு, 1944இல் வதை முகாமில் கொல்லப்பட்டார். சண்டை முடிந்த பிறகுதான் ஊருக்கு விஷயம் தெரிந்தது. 1946இல் அந்தத் தளத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். பிரெஞ்சுக் கடற்படை 1997 வரை அதைப் பயன்படுத்தியது.

புல்வார் பையன்

தாத்தா சொன்னது சரி. ஊர் முழுக்க 1950களின் அடுக்குமாடி, நேர்த் தெரு. முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது, நம் வெள்ளைக்காரத் தெருவில் இருக்கிற "பிரெஞ்சு" அங்கே இல்லை! அந்தக் காங்கிரீட் பூதத்தைப் பார்த்தேன். இப்போது சுற்றிலும் பாய்மரப் பந்தயப் படகுக்காரர்கள், ஒரு பழைய நீர்மூழ்கிக்குள் ஏறிப் பார்க்கலாம். உள்ளே நுழைந்தால் மார்கழி மாதக் கோயில் கருவறை மாதிரி சில்லென்று இருக்கிறது.

வில்நுவார் விசு

நம்ம மேரி (நகராட்சி) கட்டடம் 2014 மழையில் தானாகவே விழுந்தது, அதற்கு குண்டு வேண்டியிருக்கவில்லை.

சொல்தா பேரன்

1761ஐ மறந்துவிட்டீர்கள் விசு. ஜனவரி 1 அன்று புயலில் முற்றுகை போட்ட ஆங்கிலேயக் கப்பல்களே மூழ்கி ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள், புதுச்சேரி பிழைத்தது என்று கொண்டாடினார்கள். 16ஆம் தேதி ஊர் விழுந்தது. அதற்குப் பிறகு கோட்டை, மாளிகை எல்லாவற்றையும் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினார்கள். நீங்கள் படம் எடுத்துப் போடுகிற மஞ்சள் சுவர் எல்லாம் பெரும்பாலும் அதற்குப் பிறகு கட்டியது.

நூல்கண்டு | முத்தியால்பேட்டை

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ராஜா, கப்பல், பீரங்கி, எல்லாம் சரி. அந்தக் கப்பலில் என்ன ஏற்றினார்கள் என்று ஒருத்தரும் நின்று பேசவில்லையே? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை தறி. அதனால் கோபம் கொஞ்சம் அதிகமாகவே வரும்.

"ஒரே கம்பெனியின் இரண்டு பிள்ளைகள்" என்று எழுதினீர்களே, தம்பி, ஒரு பிள்ளை சம்பாதித்துப் போட்டது, ஒரு பிள்ளை வீடு கட்டியது. லோரியான் துறையில் வந்து இறங்கிய சரக்கில் பெரும் பங்கு துணி. 1734லிருந்து கம்பெனியின் ஏலம் லோரியானிலேயே நடந்தது, அதற்கு முன் நாந்த் ஊரில். ஏலத்துக்கு ஐரோப்பா முழுக்க வியாபாரிகள் வருவார்கள். இதில் இன்னொரு கூத்து: 1686லிருந்து 1759 வரை பிரான்சில் நம் அச்சுத் துணி, வண்ணம் தீட்டின துணி விற்பதும் உடுத்துவதும் சட்டப்படி குற்றம், உள்ளூர் பட்டு, கம்பளி நெசவாளர்கள் பிழைக்க வேண்டுமாம். ராஜாவின் கம்பெனி கொண்டு வரும், வெளிநாட்டுக்கு விற்கும், சொந்த நாட்டு ஜனம் கட்டினால் தெருவில் வைத்துப் பிடுங்குவார்கள். ஆனால் சீமாட்டிகள் வீட்டுக்குள் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அப்புறம் அந்த நீலத்துணி. கினே என்பார்கள், கினி தேசத்துக்குப் போனதால் அந்தப் பெயர். நம் பக்கத்தில் நெய்து, அவுரியில் முக்கி முக்கிக் கருநீலமாக்கிய முரட்டுத் துணி. அது பிரான்ஸ் போய், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. அங்கே அதுதான் காசு. அதைக் கொடுத்துப் பிசின் வாங்கினார்கள், மனிதர்களையும் வாங்கினார்கள். லோரியானிலிருந்து அடிமைக் கப்பல்களும் புறப்பட்டிருக்கின்றன, செனகல் வியாபாரம் அந்தக் கம்பெனியின் கையில் இருந்தது. முத்தியால்பேட்டையில் தறி போட்டவனுக்கு அந்தத் துணி எங்கே போய் யார் கழுத்துக்கு விலையானது என்று தெரிந்திருக்காது. அவன் கூலிக்கு நெய்தான். ஆனாலும் அந்த ஊரைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும் என்பது என் கட்சி.

19ஆம் நூற்றாண்டிலும் அந்த நீலத்துணி செனகலுக்குப் போய்க்கொண்டேதான் இருந்தது. சவானா மில், ரோடியர் மில் எல்லாம் அந்தத் துணி வியாபாரத்தின் மேல் எழுந்தவைதான். 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் சுடப்பட்டு 12 தொழிலாளர் செத்தார்கள், எட்டு மணி நேர வேலை அதன் பிறகு வந்தது. இதை எந்தக் கப்பல் அருங்காட்சியகத்தில் வைப்பார்கள்?

புல்வார் பையன்

அக்கா, நீங்கள் சொல்வது சரி, "பிள்ளைகள்" என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். போர் லூயி அருங்காட்சியகத்தில் இந்தியத் துணிகள் இருந்தன, கண்ணாடிக்குப் பின்னால், நல்ல வெளிச்சத்தில். நான் கப்பல் மாதிரிகளைப் பார்த்துவிட்டு அவற்றின் முன்னால் இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை. இப்போது உறுத்துகிறது.

கேப்பர்மலை

அம்மா, கினே பற்றி எழுதியதற்கு நன்றி. முப்பது வருஷம் பாடம் நடத்தியவன் இதை ஒரு வகுப்பில்கூடச் சொன்னதில்லை.

தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு ஒரு பாக்கி இருக்கிறது. 1769இல் கம்பெனியின் ஏகபோகம் போனது, மறு வருஷம் லோரியான் தளத்தை ராஜாவே எடுத்துக்கொண்டார். வியாபார ஊர் கடற்படை ஊர் ஆனது அந்த வருஷத்தில்தான். கம்பெனி சாகும்போது அந்த ஊரிடம் துறை, தச்சர், கொல்லர், கயிறு திரிப்பவர் எல்லாம் இருந்தார்கள், அதனால் வேறு எஜமான் கிடைத்தான். 1779இல் அமெரிக்கர் ஜான் பால் ஜோன்ஸ் அங்கிருந்துதான் புறப்பட்டார், அவர் கப்பலே பழைய கம்பெனிக் கப்பல். பிறகு 1861இல் இரும்பு உடல் கொண்ட குரோன், 1876இல் எஃகைப் பெரும்பாலும் வைத்துக் கட்டிய ரெதூத்தாபிள், இரண்டு போர்க்கப்பலும் அங்கே கட்டித் தண்ணீரில் இறக்கியவை. புதுச்சேரியிடம் கம்பெனி போனபோது மணல்கரைதான் மிச்சம். 1814க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் இங்கே கோட்டை கட்டவோ பெரிய படை வைக்கவோ உடன்படிக்கையில் இடமே இல்லை.

கடல்புறா | கடலூர் முதுநகர்

இப்போது அங்கே பிழைப்பு எது தம்பி? கடற்படை வேலைதானா? நம் கல்வரி நீர்மூழ்கி அங்கே செய்ததா?

புல்வார் பையன்

இல்லை அண்ணே. கல்வரி மும்பை மசகான் தளத்தில் கட்டியது, வடிவமைப்பு மட்டும் நேவல் குரூப் என்ற பிரெஞ்சு நிறுவனம். அவர்களுக்கு நீர்மூழ்கி செய்யும் இடம் ஷெர்பூர். லோரியானில் ஃபிரிகேட் போர்க்கப்பல். அண்ணன் வேலை அதற்குள்தான், எந்த அறையில் என்ன வெல்டிங் என்று வீட்டில்கூட வாய் திறக்க மாட்டார்.

இன்னொரு பிழைப்பு மீன். கெரோமானில் 1927இலிருந்து மீன்பிடித் துறைமுகம், பிரான்சில் பெரியவற்றில் ஒன்று. ஏலம் விடிவதற்குள் முடிந்துவிடுகிறது. கூச்சல் இல்லை, கூடை இல்லை, எல்லாம் பெட்டியும் திரையும். எனக்குக் கடலூர் துறைமுக ஏலம்தான் ஏலமாகத் தெரிகிறது, மன்னிக்கவும்.

பண்பாடு கேட்காமலே சொல்கிறேன். ஆகஸ்டில் பத்து நாள் கெல்டிக் மக்கள் திருவிழா, 1971லிருந்து நடக்கிறது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ், ஸ்பெயினின் கலீசியா என்று எங்கிருந்தெல்லாமோ வாத்தியக்காரர்கள். அவர்கள் ஊர் வாத்தியம் பொம்பார்த் என்று ஒன்று, கையகலம், மரம், இரட்டைச் சீவாளி. ஊத ஆரம்பித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, குட்டி நாதஸ்வரம்தான்! துணைக்குப் பை வாத்தியம், ஒத்து மாதிரி விடாமல் இழுக்கிறது. மணக்குள விநாயகர் கோயில் புறப்பாடு அட்லாண்டிக் மழையில் போவது போல இருந்தது.

பிரெத்தோன் மொழி என்று தனி மொழி உண்டு, அது பிரெஞ்சின் கிளை கிடையாது. பள்ளிக்கூடத்தில் அந்த மொழி பேசினால் பிள்ளை கழுத்தில் மரக்கட்டையை மாட்டி அவமானப்படுத்தின காலம் இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக் கிழவி சொன்னார், அம்மா அப்பா இருவருக்கும் பிரெத்தோன்தான், பிள்ளைகளிடம் மட்டும் பேசவே இல்லையாம். இப்போது தெருப் பலகையில் இரண்டு மொழியும் இருக்கிறது, பேச ஆளைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

வில்நுவார் விசு

எல்லாம் சரி, அப்போது நமக்கும் ஒரு நல்ல துறைமுகம் கட்டுங்கள் என்று கேட்கலாமே? எத்தனை நாள் ஓட்டலை நம்பி இருப்பது?

பட்டினத்துப் பிள்ளை

விசு அண்ணே, கட்டினதற்கே இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கிறோம். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று வாயில் அலைத்தடுப்புக் கல் போட்டார்கள். நான் முதலில் சொன்ன மணல் ஞாபகம் இருக்கிறதா? வடக்கே போகிற மணல் அந்தக் கல்லில் முட்டித் தெற்கே குவிந்தது, வடக்கே பட்டினி. உங்கள் புல்வார் கடற்கரையில் மணல் போய்க் கருங்கல் வந்தது அப்படித்தான். கருங்கல் போட்ட இடத்துக்கு வடக்கே இன்னும் அரித்தது, குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், அப்புறம் தமிழ்நாட்டு எல்லை தாண்டித் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம். ஒவ்வொரு குப்பமும் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிப் போடுகிற கல் தடுப்பு) கேட்கும், போட்டால் அடுத்த குப்பத்துக்கு அரிப்பு. இத்தனைக்கும் முகத்துவாரத்தைத் தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டும்.

லோரியானில் கடல் தானாகச் செய்கிற வேலையை இங்கே இயந்திரம் வைத்துச் செய்ய வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

வில்நுவார் விசு

கடலுக்குள் நீட்டிக் கட்டிய பழைய பாலம் இருந்ததே, கப்பலுக்கு அது போதவில்லையா?

சொல்தா பேரன்

1860களில் போட்ட இரும்புப் பாலம் 1952 புயலில் போனது. அப்புறம் தெற்கே கட்டிய காங்கிரீட் பாலத்திலும் 2022இல் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. சின்ன வயதில் அந்தப் பாலத்தில் நின்று தூண்டில் போட்டவன் நான், விழுந்த படத்தைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

நூல்கண்டு

புல்வார் தம்பி, உங்கள் அண்ணன் இன்னும் அங்கேதானே இருக்கிறார்? ஒரு சின்ன வேலை சொல்லலாமா?

புல்வார் பையன்

சொல்லுங்கள் அக்கா. நேற்றுதான் பேசினேன். இந்த இழையைத் தமிழில் படித்துவிட்டு அண்ணியும் இரண்டு நாளாக அதே பேச்சு. சனிக்கிழமை படகு ஏறி போர் லூயி போகிறார்களாம்.

நூல்கண்டு

அந்தத் துணிகளில் நீலத்துணி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், படம் எடுக்க விட்டால், முழுத் துணியை எடுக்க வேண்டாம், அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். கரையை மட்டும் கிட்டே போய் எடுக்கச் சொல்லுங்கள். முனையில் எத்தனை இழை இரட்டையாக விட்டிருக்கிறான் என்று எனக்குத் தெரிய வேண்டும். எங்கள் பாட்டனார் விட்டது நாலு.

புல்வார் பையன்

சொல்லிவிட்டேன். கண்ணாடிக்கு வெளியிலிருந்துதான் எடுக்க முடியும், வெளிச்சம் அடிக்கும் என்கிறார் அண்ணி. முயற்சி செய்கிறாராம்.